பெட்டிப் படம்

யாழினி வாயைத் திறந்தாள்.

இருட்டில் முகம் தெரியவில்லை. ஆனால் அவள் மூச்சை உள்ளே இழுத்த சத்தத்தை வைத்தே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகளுக்கு ஏழு வயது. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால், அதைத் திருத்தாமல் அவளால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

அவளுக்கு அந்தப் பக்கம் என் அப்பா. மடியில் பாப்கார்ன். திரையில் சிவப்புக் கம்பளம் விரித்த பெரிய மாடிப்படி. அதன் உச்சியில் ஒரு மீசைக்கார மனிதர் தோளில் பெரிய பெட்டியோடு நிற்கிறார்.

அப்பா பேத்தியின் பக்கம் சாய்ந்து, நாலு வரிசைக்குக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்: "அந்தா வந்துட்டாம் பாரு, அண்ணங்காரன்."

நான் யாழினியின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் ஆலனிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பழைய டவுன்டவுன் தெரு வரும். அங்கே ஒரு சின்னத் தியேட்டர். எப்போதாவது சனிக்கிழமை மத்தியானம் பழைய ஹாலிவுட் படம் போடுவார்கள். அன்றைக்குப் போட்டது பாட்டும் ஆட்டமும் சிரிப்புமாக ஓடுகிற ஒரு படம். என் அப்பா பிறப்பதற்கு முன்பே வந்தது. அதன் ஆங்கிலப் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான். பெட்டிப் படம்.

அதில் பெட்டி தூக்குகிறவர் கதாநாயகியின் அண்ணன் இல்லை. இது எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், யாழினிக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்த நிமிடத்தில் என் ஒரே வேண்டுதல்.

ஒரு டிக்கெட், ஐந்து பேர்

விருதுநகரில் அப்பா ஒரு பருப்பு மில்லில் லோடுமேன். எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். ஐந்து பேரும் சேர்ந்து சினிமாவுக்குப் போன நினைவே எனக்கு இல்லை. ஒருவர் போவார். வந்து மற்றவர்களுக்குக் கதை சொல்வார். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

போகிறவர் பெரும்பாலும் அப்பாதான். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து படுத்துவிடுவார். மறுநாள் சாயங்காலம், குளித்து முடித்து, கோணிச் சாக்கின் வாசனை உடம்பிலிருந்து பாதி போன பிறகு, சுவரில் சாய்ந்து உட்காருவார். பெயர் போடுகிற இடத்திலிருந்து ஆரம்பிப்பார். சண்டை வந்தால் எழுந்துகொள்வார். பாட்டு வந்தால் நிறுத்தி, "இந்த இடத்துல ஒரு பாட்டு" என்று பாடுவார். அழுகைக் காட்சி வந்தால் அம்மா உலையைக் கவனிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வாள்.

வீட்டுக்கு டிவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டிவியில் ஓடுவது டிவியில் ஓடுவதுதான். அப்பா சொன்னால்தான் அது படம்.

பிற்பாடு, எங்களிடம் அப்பா சொன்ன சில படங்களை நானே பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. அவர் சொன்ன மழை இன்னும் பெரியது.

முதல் தடவை நான்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

மதுரையில் கல்லூரி. தமிழ் வழியில் படித்துவிட்டுப் போனவளுக்கு முதல் வருடம் ஆங்கில வகுப்பு என்றால் கடைசி பெஞ்சுதான். ஒரு நாள் ஆங்கில மேடம் செமினார் ஹாலின் ஜன்னல்களை எல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டு, புரொஜெக்டரில் இந்தப் படத்தைப் போட்டார். கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. பேசுகிறார்கள், பேசுகிறார்கள், மழை தகரத்தில் விழுகிற மாதிரி பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

ஆனால் சிரித்தேன். மீசைக்காரர் பெட்டியோடு கதவில் மாட்டிக்கொண்டபோது சிரித்தேன். கதாநாயகன் பியானோவின் மேல் ஏறி வழுக்கி, விழாமல், அதையே ஆட்டமாக மாற்றியபோது சிரித்தேன். பக்கத்தில் கான்வென்ட்டில் படித்த பெண்கள். அவர்களும் அதே நேரத்தில் சிரித்தார்கள். அந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு எல்லோரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் சிரிப்பேன், மற்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு.

அந்த வார லீவில் ஊருக்குப் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நான் ஒரு படம் சொல்றேன். இங்கிலீஷ் படம்."

அப்பா எனக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அது வரைக்கும் அவர் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் வந்த வழி

நான் சொன்ன கதை இது. ஒரு பெரிய பங்களா. அதில் ஒரு கூட்டுக் குடும்பம். கல்யாணத்துக்காகச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். மேல் மாடியில் கதாநாயகி. கோட்டுப் போட்ட பெரியப்பா அவளைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள். மீசைக்கார அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கீழே இறக்குகிறான். பாதிப் படியில் சமாதானம் ஆகிவிடும். திரும்ப மேலே ஏற்றுகிறான். கடைசியில் அவளுக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது. பெரியப்பா கூடாது என்கிறார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மாடிப்படி முழுக்க ஆடிக்கொண்டே இறங்கி, தெருவைத் தாண்டி, ரயிலடிக்குப் போய், தங்கச்சியை ஏற்றிவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி: "பெட்டி தலையிலயா, தோள்லயா?"

"தோள்ல."

"அத வச்சுக்கிட்டு ஆடுறானா? கெட்டிக்காரன்தான்."

உண்மைக் கதை என்னவென்று அமெரிக்கா வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் பிரபுவோடு கீழே எழுத்து ஓட அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது பங்களா இல்லை, ஹோட்டல். அவள் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். பெரியப்பா, மேனேஜர். அண்ணன், அந்த ஹோட்டலில் பெட்டி தூக்குகிற போர்ட்டர்.

பிரபு சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "அண்ணனா? எப்படிம்மா அண்ணன்?"

எப்படி என்றால், நம்ம ஊர்ப் படம் பார்த்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றும். கதாநாயகியைத் திட்டுகிறான், ஆனால் காதலிக்கவில்லை. அவள் கிளம்பும்போது அழுகிறான். அப்படிப்பட்டவன் அண்ணன் இல்லாமல் வேறு யார்? போர்ட்டர் எதற்கு அழப்போகிறார்?

ஒன்று சொல்ல வேண்டும். உண்மைக் கதை தெரிந்த பிறகும் படம் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். யாழினி தவழ்ந்த காலத்திலிருந்து அதைப் பார்க்கிறாள். பிரபுவின் ஆபீஸ் நண்பர், சின்ன வயது அமெரிக்கர், ஒரு தடவை எங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இவர்கள் ஏன் திடீரென்று பாட ஆரம்பிக்கிறார்கள்?" என்று கேட்டார். நானும் பிரபுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குக் கேள்வியே புரியவில்லை. பேசி முடியாத இடம் வந்தால் பாடத்தானே வேண்டும்?

"எம்மக சொன்னா"

படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்தது. நிஜப் பெரியப்பா வீட்டுக்கு வந்து நின்றார். அப்பாவின் அண்ணன். அவர் எதிரே அப்பா உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

"வயசுப் பிள்ளைய ஒத்தையில மெட்ராசுக்கு அனுப்புறியாக்கும்? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, வெள்ளக்காரன் படத்துலயே, மொணங்கிக்கிட்டுத் திரிஞ்ச அண்ணங்காரன்தான் கடைசில பெட்டியத் தூக்கிட்டுப் போயி ரயில் ஏத்திவிடுறான். நான் எம்பிள்ள பெட்டியத் தூக்குறேன்."

"சினிமாவப் பாத்துக் குடும்பம் நடத்துறியாடா?"

"சினிமா பாக்கலண்ணே. எம்மக சொன்னா."

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர், ரொம்ப நாள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்து ஸ்டேஷனுக்கு நடந்தார். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். "ரெண்டு மூட்டை கனம்கூட இல்ல, வா" என்றார். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கியவர், ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டு அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

அப்பா தன் வாழ்க்கையில் தன் அண்ணனை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். அதற்கு அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம் நான் சொன்ன கதை. அதற்குப் பிறகு மில்லில் யார் வீட்டிலாவது பெண்ணை வெளியூர் அனுப்ப யோசித்தால், அப்பா அவர்களுக்குப் பெட்டிப் படத்தைச் சொல்வாராம். தம்பி போனில் சொல்லிச் சிரிப்பான்.

இப்போது இருட்டில் என் மகள் வாயைத் திறந்தது எதன் மேல் என்று புரிகிறதல்லவா?

லைப்ரரிச் சுவர்

அப்பா இந்தக் கோடையில்தான் முதல் தடவையாக வந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா காலையில் எங்கள் குடியிருப்புத் தெருக்களைச் சுற்றி நடப்பார். நாயோடு நடக்கிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போடுவார். அவர்களும் கும்பிடுவார்கள். அதற்கு மேல் கார் இல்லாமல் போக இடமில்லை.

யாழினிக்குப் புத்தகம் எடுக்க லைப்ரரிக்குப் போனபோது, அப்பா நோட்டீஸ் ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"பாப்பா, இங்க வா. இது நம்ம பெட்டிப் படம்ல?"

அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அந்தப் படத்தின் ஒரு காட்சியைக்கூட அவர் பார்த்ததில்லை. நோட்டீஸில் இருந்தது ஒரு மாடிப்படியும் பெட்டியோடு ஒரு மீசைக்காரரும் மட்டும்தான்.

"ஆமாப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

சனிக்கிழமை, அப்பா காரில் ஏறுவதற்கு முன்பே யாழினியிடம் சொல்லிவைத்தேன். "தாத்தாவுக்குக் கதையைச் சொல்லக் கூடாது, சரியா?"

"ஒய்?"

"சர்ப்ரைஸ்."

"ஓகே. பட் இஃப் ஹீ கெட்ஸ் இட் ராங்?"

கார் கிளம்பியதும் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

தியேட்டரில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். படம் ஆரம்பித்ததும் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டியும் அவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பியானோ இடம் வந்ததும் அப்பா கை தட்டினார். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தட்டினார். மதுரை செமினார் ஹால் ஞாபகம் வந்தது எனக்கு. விழப்போனவன் விழாமல் அதையே ஆட்டமாக்கினால், எந்த ஊரில், எந்த வயதில் பார்த்தாலும் சிரிப்பு ஒரே நொடியில்தான் வருகிறது போலிருக்கிறது. அதனால்தான் அந்தப் படத்துக்கு வயதாகவே இல்லை.

பிறகு அந்தக் கடைசி மாடிப்படி வந்தது. அப்பா, "அண்ணங்காரன்" என்றார். நான் கையை அழுத்தினேன்.

"நோ தாத்தா" என்றாள் யாழினி. "ஹீ இஸ் நாட் ஹெர் அண்ணன். ஹீ இஸ் த போர்ட்டர்."

போர்ட்டர் என்ற சொல் அப்பாவுக்குத் தெரியாததா? மில் மூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் கேட்ட சொல்.

கடைசித் தடவை

அப்பா பேத்தியைத் தாண்டி என்னைப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் முகம் ஒரு நிமிடம் நீலமாகவும் ஒரு நிமிடம் சிவப்பாகவும் இருந்தது.

"அண்ணன் இல்லையா?"

"இல்லப்பா."

"கூலிக்குத் தூக்குறவனா?"

"ஆமாப்பா. எனக்கு அப்போ இங்கிலீஷ் புரியல."

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசைக்காரர் பெட்டியோடு படி படியாக ஆடிக்கொண்டு இறங்கினார். பெட்டி தோளிலிருந்து முதுகுக்குப் போனது, முதுகிலிருந்து தலைக்கு வந்தது. தியேட்டர் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ரயில் வந்தது. மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடினார். விளக்கு போட்ட பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை.

பார்க்கிங்கில் கார் கொதித்துக் கிடந்தது. ஏசி குளிரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். நான்தான் ஆரம்பித்தேன். "அவர் கடைசியில அழுதாரு பாருங்க, அதனாலதான் அண்ணன்னு நெனச்சேன்ப்பா. பெட்டி தூக்குறவரு எதுக்கு அழணும்?"

"ஏன், பெட்டி தூக்குறவன் அழ மாட்டானா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"படம் பூரா மேலயும் கீழயும் அவந்தான தூக்குறான்? இதுதான் கடைசித் தடவ, இனிமே அந்தப் பெட்டி இறங்காது ஏறாதுன்னா அவனுக்கு எப்படி இருக்கும்?" கார்க் கூரையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப அவன் நம்ம ஆளு. இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" பிறகு கொஞ்சம் யோசித்து, "பெரியப்பன்ட்ட மட்டும் சொல்லிறாத. அந்தாளு இப்பத்தான் ஒழுங்காப் பேசுறாரு."

யார் தூக்கியது?

போய்ப் பார்த்தவர்தான் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாப்பாடு முடிந்ததும் அப்பா வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டார். எங்களுக்கு வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது. அங்கே மறுநாள் காலை. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"பெட்டிப் படத்தப் பாத்துட்டேன்."

"அப்படியா? இருங்க, உங்க அண்ணனும் இருக்காரு. டீ குடிக்க வந்தாரு." போன் ஆடியது. பெரியப்பாவின் நெற்றி மட்டும் திரையில் வந்தது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் அசரவில்லை. சோபாவில் சாய்ந்து, பெயர் போடுகிற இடத்திலிருந்து ஆரம்பித்தார். யாழினி அவர் மடியில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டாள். பங்களா இப்போது ஹோட்டல் ஆகியிருந்தது. கோட்டுக்காரர் மேனேஜர் ஆகியிருந்தார். "நல்லவேளை" என்றார் பெரியப்பா. "இத்தன நாளா அந்தப் பயல என்னைய மாதிரின்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?" பியானோ இடத்தில் அம்மா சிரித்தாள். அங்கே டீ கொதித்துப் பொங்குகிற சத்தம் கேட்டது.

மாடிப்படி வந்தது. அப்பா நிறுத்தினார்.

"இப்ப பெட்டியத் தூக்கிட்டு வர்றது யாரு தெரியுமா?"

"அண்ணங்காரன்தான?" என்றார் பெரியப்பா. "ஊரு பூராச் சொன்னியேப்பா."

"இல்லண்ணே" என்றார் அப்பா. "அப்பங்காரன்."

யாழினி வாயைத் திறந்தாள். மூச்சு உள்ளே போகும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் தாத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். சோபாவிலிருந்து பெரிய குஷன் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறித் திரும்பி நின்றார். யாழினி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். அவர் முதல் படி இறங்கினார், லோடு இறக்குகிற ஆள் இறங்குகிற மாதிரி, நிதானமாக.

"தாத்தா" என்றாள் அவள். "நோ. இங்க டான்ஸ் பண்ணணும்."

எழுபதை நெருங்கும் என் அப்பா கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெட்டி சரியாமல் பார்த்துக்கொண்டு, இடது காலை மெதுவாகத் தூக்கினார்.